பாலம் எதைக் கடக்கிறது?
மாதிரி ரயில் பாதைக்குப் பாலம் தேர்ந்தெடுத்தலும் கட்டுதலும்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் கூட்டம் குறையாத மேசை எது என்று கேட்டால், ஓடும் ரயில் இருக்கும் மேசை என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார். வட்டமாகத் தண்டவாளம், ஒரு நிலையம், ஒரு குகை, நடுவே ஒரு பாலம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அருகில் நிற்கும் மாணவரிடம், "இந்தப் பாலம் ஏன் இங்கே இருக்கிறது? ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மனப்பாடம் செய்த நான்கு வரிகள் வரும். இல்லையென்றால் அவர் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார். பாலத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர் அல்லர் என்பதே காரணம். கடையில் கிடைத்தது, அல்லது படத்தில் அழகாக இருந்தது, அது வந்து மேசையில் அமர்ந்துவிட்டது.

மாதிரி ரயில் பாதையில் மாணவர்கள் உண்மையான பொறியாளரைப் போல முடிவெடுக்கக்கூடிய இடம் பாலம். விகிதம், முக்கோணம், விசை, வெப்ப விரிவு, நிலத்தோற்றம், வரலாறு எல்லாம் அந்த ஒரு சாண் நீளத்தில் வந்து சேர்கின்றன. எனவே பாலத்தை வாங்கி வைக்காமல், மாணவர்களே தேர்ந்தெடுத்து, கட்டி, சோதித்துப் பார்க்கும் முறையை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. ஐஸ் குச்சி, அட்டை, நூல், பசை ஆகியவை போதும்.

முதலில் இடம், பிறகு பாலம்

பாலம் கட்டுவதற்கு முன் மாணவர்கள் எழுத வேண்டிய முதல் வரி: "எங்கள் பாலம் ________ஐக் கடக்கிறது." அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்பாமல் பசைப் புட்டியைத் திறக்க வேண்டாம்.

உண்மையான பாலங்களும் அப்படித்தான் பிறக்கின்றன. அகலமான, ஆழம் குறைந்த மணல் ஆறு என்றால் ஆற்றுக்குள் பல தூண்களை எளிதாக எழுப்பலாம். எனவே சிறு சிறு கண்களாகப் பிரித்து, குறைந்த நீளமுள்ள உத்திரங்களைத் தூணுக்குத் தூண் வைத்துக்கொண்டே போகலாம். மாறாக, ஆழமான பள்ளத்தாக்கில் தூண் எழுப்புவதே பெரும்பாடு. அங்கே ஒரே தாவலில் கடக்கும் பெரிய கண் தேவைப்படும். தூணுக்கு ஆகும் செலவும், தூண்களுக்கு இடையே கிடக்கும் பாலத்தின் செலவும் தராசின் இரு தட்டுகள். தூண்களைக் கூட்டினால் மேற்பகுதியின் செலவு குறையும். தூண்களைக் குறைத்தால் மேற்பகுதியின் செலவு ஏறும். இந்தச் சமநிலையைத் தேடுவதே பாலத்தைத் தேர்ந்தெடுக்கும் கலை.

வரைபடப் பயிற்சியாகவே இதைத் தொடங்கலாம். குழுவுக்கு ஓர் இடத்தைக் கொடுங்கள்: ஊருக்கு வெளியே ஓடும் வாய்க்கால், மணல் பரந்த ஆறு, மலைப் பள்ளத்தாக்கு, கப்பல் போகும் கடற்கால்வாய். "இங்கே தூண் வைக்க முடியுமா? எத்தனை வைக்கலாம்? அடியில் எது போக வேண்டும்? வெள்ளம் எவ்வளவு உயரம் வரும்?" என்ற நான்கு கேள்விகளுக்கு அவர்கள் விடை எழுதட்டும். விடைகள் வந்துவிட்டால் பாலத்தின் வகை பாதி முடிவாகிவிடும்.

எந்த இடத்துக்கு எந்தப் பாலம்?

உத்திரப் பாலம். கர்டர் பாலம் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது இதைத்தான். இரு தூண்களின் மேல் கிடக்கும் உத்திரம். அதன் மேல் தண்டவாளம். ஓடை, வாய்க்கால், பல தூண்கள் வைக்கக்கூடிய ஆறு ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். நம் ரயில் பயணங்களில் அதிகம் கடப்பதும் இவ்வகைப் பாலங்களையே. கட்டுவதற்கு எளிது என்பதால் நடுநிலை வகுப்பினர் இதில் தொடங்கலாம்.

சட்டகப் பாலம். ட்ரஸ் பாலம் என்றால் பலருக்கும் புரியும். இரும்புப் பட்டைகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கட்டியது. உத்திரத்தால் தாண்ட முடியாத நீளமான கண்களுக்கு ஏற்றது. மாதிரிப் பாதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரயில் இதன் உள்ளே புகுந்து போவதால், இது நேர்ப்பாதையில்தான் இருக்க வேண்டும். வளைவில் திரும்பும் பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாகவும், முனைகள் வெளிப்பக்கமாகவும் துருத்தும், சட்டகத்தில் இடிக்கும்.

வளைவுப் பாலம். கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது என்றால் மலைப்பகுதிக்கு அழகாகப் பொருந்தும். கொல்லம் – செங்கோட்டை பாதையில் உள்ள பதின்மூன்று கண் பாலமும், இலங்கையில் எல்ல – தெமோதரை இடையே 1921இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும் நல்ல எடுத்துக்காட்டுகள். ஒன்பது வளைவுப் பாலம் நேராக இல்லாமல் வளைந்து செல்கிறது. கண்கள் சிறியவை என்பதால் தூணுக்குத் தூண் சிறிது சிறிதாகத் திரும்ப முடிகிறது. எனவே உங்கள் மாதிரியில் பாலம் வளைவான பாதையில்தான் அமையும் என்றால், சட்டகப் பாலத்தை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுங்கள். இரும்பில் எழுப்பினால் வளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு, காஷ்மீரில் 2025இல் திறக்கப்பட்ட செனாப் பாலம் சான்று. அதன் வளைவு மட்டும் 467 மீட்டர் அகலம்; ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் ரயில் ஓடுகிறது.

தொங்கு பாலம். மாணவர்கள் பெரிதும் விரும்புவது இது. ரயிலுக்கு அரிதாகவே பயன்படுவதும் இதுவே. கம்பி வடத்தில் தொங்கும் தளம் நெகிழ்வுடையது. ஓரிடத்தில் குவிந்து நகரும் ரயிலின் பாரத்தில் அது அலைபோல் இறங்கி ஏறும். கொடியில் காயும் துணிமேல் ஒரு கனமான பொருளை நகர்த்திக் காட்டினால் மாணவர்களுக்கு உடனே விளங்கும். அதேபோல் புகழ்பெற்ற ஹவுரா பாலத்தை ரயில் பாலமாக வைப்பதும் கண்காட்சிகளில் வழக்கம். அது சாலைப் பாலம். அதில் ரயில்கள் ஓடுவதில்லை.

திறக்கும் பாலம். அடியில் கப்பல் போக வேண்டும், ஆனால் பாதையை அவ்வளவு உயர்த்த முடியாது என்ற நிலையில் வருவது. நமக்கு இதைப் பாம்பன் கற்பிக்கிறது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

அளவு விகிதம்: கண்ணைச் சுருக்காதீர்கள்

இந்திய அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1676 மில்லிமீட்டர். உங்களிடம் உள்ள பொம்மை ரயிலின் தண்டவாள இடைவெளியை மாணவர்கள் அளக்கட்டும். மாதிரி ரயில் ஆர்வலர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 16.5 மி.மீ. 1676ஐ 16.5ஆல் வகுத்தால் 101.6, ஏறத்தாழ 100. அதாவது 1 : 100. உண்மையில் 1 மீட்டர் என்பது மாதிரியில் 1 சென்டிமீட்டர். இதைவிட எளிய விகிதம் வேறு வேண்டுமா? உங்கள் பொம்மை ரயிலின் இடைவெளி 32 மி.மீ. என்றால் விகிதம் ஏறத்தாழ 1 : 50 ஆகும். எந்த ரயிலாக இருந்தாலும் வகுத்தல் ஒன்றே.

இனி உண்மை அளவுகளைச் சுருக்கிப் பார்க்கலாம். பாம்பன் புதிய பாலத்தின் சாதாரணக் கண் ஒன்றின் நீளம் 18.3 மீட்டர், மாதிரியில் 18.3 செ.மீ. பழைய பாலத்தின் கண் 12.2 மீட்டர், மாதிரியில் 12.2 செ.மீ. இதுவரை சரி. முழுப் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். மாதிரியில் 20 மீட்டரைத் தாண்டும்! வகுப்பறையைக் கடந்து, தாழ்வாரத்தையும் கடந்து, விளையாட்டுத் திடலுக்குப் போய்விடும். செனாப் பாலத்தை எடுத்தால் வளைவு 4.67 மீட்டர் அகலம், ரயில் ஓடும் உயரம் 3.59 மீட்டர், வகுப்பறைக் கூரையை முட்டும்.

இந்த இடத்தில் மாணவர்கள், "அப்படியானால் எல்லாவற்றையும் இன்னும் சிறிதாக்கலாம்" என்பார்கள். அப்படிச் செய்தால் ரயில் பெரிதாகவும் பாலம் பொம்மையாகவும் தெரியும். மாதிரி ரயில் கட்டுவோரின் அனுபவ விதி இது: கண்ணின் அளவைக் குறைக்காதீர்கள், கண்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நூறு கண்களுக்குப் பதிலாக ஐந்து போதும். ஆனால் ஒவ்வொன்றும் சரியான அளவில் இருக்க வேண்டும். பார்ப்பவரின் கண் ரயிலையும் ஒரு கண்ணையும்தான் ஒப்பிடுகிறது. எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதை மாணவர்கள் ஓர் அட்டையில் எழுதிப் பாலத்தின் அருகே வைக்கட்டும். மாதிரி என்பது எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்து சொல்வதும் அறிவியல்தான்.

பாதையை ஏற்றாதீர்கள், தரையைத் தாழ்த்துங்கள்

பாலம் என்றதும் தட்டையான பலகையின் மேல் தண்டவாளத்தை மேடாக்கி, அதன் அடியில் நீலத் தாள் ஒட்டுவதே வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதிரி ரயில் இழுத்து ஏறக்கூடிய சரிவு 50க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 8 செ.மீ. உயர 400 செ.மீ. தூரம் வேண்டும், இறங்க இன்னொரு 400 செ.மீ. வேண்டும். மேசையில் அவ்வளவு இடம் கிடையாது. எனவே சரிவைச் செங்குத்தாக்குவார்கள். என்ஜின் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். நீலகிரி மலை ரயில் ஏறத்தாழ 12க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. அதற்காகவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டமும் என்ஜினில் பற்சக்கரமும் வைத்திருக்கிறார்கள்.

எளிய வழி இருக்கிறது. தண்டவாளம் சமதளத்திலேயே இருக்கட்டும். ஆறு கீழே போகட்டும். இரண்டு மேசைகளை 40 செ.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள். அந்த இடைவெளியே உங்கள் பள்ளத்தாக்கு. கீழே ஒரு முக்காலியில் ஆறு வரைந்த அட்டையை வையுங்கள். இப்போது பாலம் அலங்காரம் அன்று. அது இல்லையென்றால் ரயில் கீழே விழும். மாணவர்கள் பாலத்தைப் பார்க்கும் பார்வையே இதனால் மாறிவிடுகிறது. "தாங்குமா?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

கட்டுவதற்கு முன் மூன்று சிறு சோதனைகள்

ஒன்று: அடிமட்டத்தைப் படுக்கையாக இரு புத்தகங்களின் மேல் வைத்து நடுவே அழுத்தினால் வளைகிறது. அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளைவதில்லை. பொருள் அதே, அளவு அதே. நிற்கும் முறை மட்டும் வேறு. உத்திரத்தின் ஆழம் இரு மடங்கானால் அது வளையும் அளவு எட்டில் ஒன்றாகக் குறையும்.

இரண்டு: ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பட்டைகளை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்துங்கள். பிறகு முழுவதும் பசை தடவி ஒட்டிக் காயவைத்து அழுத்துங்கள். ஒட்டாத இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளைகின்றன. ஒட்டியவை ஒரே உத்திரமாக நின்று எதிர்க்கின்றன. பசை ஏன் முழுப் பரப்பிலும் வேண்டும் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று: நான்கு குச்சிகளை முனைகளில் குண்டூசியால் இணைத்துச் சதுரம் செய்யுங்கள். இலேசாகத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணமோ, குச்சி ஒடிந்தாலொழிய வடிவம் மாறாது. சதுரத்துக்கு ஒரு மூலைவிட்டம் கொடுத்துப் பாருங்கள். அதுவும் நிமிர்ந்து நிற்கும். சட்டகப் பாலத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

தொடக்க வகுப்பினருக்கு இதைவிட எளிதாக ஒன்று: ஒரு தாளை இரு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வைத்து நாணயங்களை அடுக்குதல். தட்டையான தாள், விசிறி மடிப்பிட்ட தாள், குழாயாகச் சுருட்டிய தாள் ஆகியவற்றில் எது அதிகம் தாங்குகிறது என்று எண்ணி எழுதட்டும்.

உத்திரப் பாலம் கட்டும் முறை

18 செ.மீ. கண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உத்திரத்தின் ஆழம் கண்ணின் நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும், அதாவது 1.8 செ.மீ. கெட்டி அட்டையில் 18 × 1.8 செ.மீ. பட்டைகள் இரண்டை ஒட்டினால் ஒரு நடுச்சுவர். அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் 0.8 செ.மீ. அகலப் பட்டைகளைப் படுக்கையாக ஒட்டுங்கள். பக்கவாட்டில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு நிமிர்பட்டைகளை ஒட்டினால் நடுச்சுவர் நெளியாது. இப்படி இரண்டு உத்திரங்கள், ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒன்று. இரண்டையும் குறுக்குக் குச்சிகளால் இணைத்துவிடுங்கள்.

தூண்களை அட்டைக் குழாயாலோ மரக்கட்டையாலோ செய்யலாம். மூன்று செய்திகளை மாணவர்கள் கவனிக்கட்டும். ஆற்றுத் தூணின் அகன்ற பக்கம் நீரோட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். நீர் வரும் பக்கம் கூராகவோ அரைவட்டமாகவோ இருந்தால் வெள்ளம் பிரிந்து போகும். பாலத்தின் இரு கோடிகளிலும் கரைமண்ணைத் தாங்கும் சுவர்கள் கட்டாயம் வேண்டும். பல மாதிரிகளில் பாலம் எங்கோ அந்தரத்தில் தொடங்கி அந்தரத்தில் முடிவது, அந்தச் சுவரை மறந்ததால்தான்.

பாலத்தின் ஒரு முனையைத் தூணோடு பொருத்துங்கள். மறுமுனையை ஒரு பேனா ரீஃபில் துண்டின் மேல் உருளும்படி விடுங்கள். ஏன்? எஃகின் நீள் விரிவெண் ஒரு செல்சியஸ் பாகைக்கு 0.000012. 40 மீட்டர் எஃகுப் பாலம் 30 பாகை வெப்ப மாற்றத்தில் எவ்வளவு நீளும்? 40 × 0.000012 × 30 = 0.0144 மீட்டர், அதாவது 14.4 மி.மீ. இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் அந்த விரிவு தூணைத் தள்ளும். வெப்ப விரிவுப் பாடத்தில் இக்கணக்கை மாணவர்கள் தாங்கள் கட்டிய பாலத்தை வைத்தே போடலாம்.

சட்டகப் பாலம் கட்டும் முறை

இரு மேசைகளுக்கு இடையே விட்ட 40 செ.மீ. இடைவெளிக்கு இது ஏற்றது. பக்கம் 8 செ.மீ. கொண்ட சமபக்க முக்கோணங்களை வரிசையாக வரையுங்கள். கீழ்விளிம்பில் ஐந்து பட்டைகள், மேல்விளிம்பில் நான்கு, சாய்வாகப் பத்து. ஆக 19 பட்டைகள். இணைப்புகள் கீழே 6, மேலே 5; ஆக 11. வடிவம் குலையாத சட்டகத்துக்குத் தேவையான பட்டைகளின் எண்ணிக்கை, இணைப்புகளின் இரு மடங்கிலிருந்து மூன்றைக் கழித்தது. 2 × 11 − 3 = 19. ஒரு முக்கோணத்தில் தொடங்கி, ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் இரண்டு பட்டைகள் சேர்கின்றன என்று மாணவர்களே இவ்விதியைக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். சட்டகத்தின் உயரம் 8 × 0.866 = 6.9 செ.மீ. என்பதைச் சைன் 60 பாகை கற்றவர்கள் கணக்கிடலாம்.

இனி வேலை.

1. ரயில் பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, பக்கத்துக்கு 1 செ.மீ. கூட்டி, ஓர் அட்டைச் சட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். இந்த அட்டை பாலத்துக்குள் தடையின்றிப் போய்வர வேண்டும். தளத்தின் தடிப்போடு சேர்த்து அதன் உயரம் 6.9 செ.மீ.க்குள் அடங்காவிட்டால் முக்கோணத்தின் பக்கத்தைப் பெரிதாக்குங்கள்.

2. கட்டத்தாளில் சட்டகத்தை முழு அளவில் வரைந்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். பசை ஒட்டாது.

3. ஐஸ் குச்சிகளை வெட்டி வரைபடத்தின் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சிறு அட்டைத் தகட்டை இருபுறமும் ஒட்டுங்கள். உண்மைப் பாலத்தில் தறையாணி அடித்த இரும்புத் தகடுகள் இருக்கும் இடம் இது.

4. மேலே புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு காயவிடுங்கள். இப்படி ஒரே அளவில் இரண்டு பக்கங்கள் செய்யுங்கள்.

5. இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, கீழ் இணைப்புகள் ஆறிலும் குறுக்கு உத்திரங்களை ஒட்டுங்கள். பட்டையின் நடுவில் ஒட்ட வேண்டாம். பாரம் இணைப்பில் இறங்கினால்தான் பட்டை வளையாமல் நிற்கும்.

6. குறுக்கு உத்திரங்களின் மேல், தண்டவாளத்துக்கு நேர் கீழே நெடுக இரண்டு பட்டைகள். மேல் இணைப்புகளிலும் குறுக்குக் குச்சிகள் கொடுத்தால் பக்கவாட்டில் சாயாது. அட்டைச் சட்டத்தை உள்ளே ஓட்டிப் பார்த்துவிட்டு முடியுங்கள்.

எந்தப் பட்டை இழுபடுகிறது, எது அமுங்குகிறது என்பதைக் கண்டறிய அருமையான வழி ஒன்று உண்டு. கூடுதலாக ஒரு சட்டகம் செய்து, கீழ்விளிம்பின் நடுப்பட்டையை வெட்டிவிட்டு அங்கே நூலை இறுக்கிக் கட்டுங்கள். பாலம் அப்போதும் பாரத்தைத் தாங்கும். பிறகு மேல்விளிம்பின் பட்டை ஒன்றை வெட்டி நூல் கட்டுங்கள். உடனே மடங்கும். நூலால் இழுவிசையை மட்டுமே தாங்க முடியும். தள்ளுவதைத் தாங்க முடியாது. கீழ்விளிம்பு இழுவிசையில், மேல்விளிம்பு அமுக்கவிசையில் இருக்கிறது என்பது இனி யாருக்கும் மறக்காது.

வளைவும் சென்ட்ரிங்கும்

வளைவுப் பாலத்தைக் களிமண் கட்டிகளால் செய்யலாம். நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஆப்பு வடிவக் கட்டிகளை இரு பக்கமிருந்தும் அடுக்கி, உச்சிக் கட்டியைக் கடைசியாகச் செருகி, புட்டியை மெல்ல உருவ வேண்டும். இரு பக்கமும் கனமான புத்தகங்கள் முட்டுக்கொடுக்காவிட்டால் வளைவு விரிந்து விழும். வளைவு கீழ்நோக்கி மட்டுமன்றி வெளிநோக்கியும் தள்ளுகிறது என்பதே பாடம்.

எங்கள் எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது, புட்டியை எப்போது எடுப்பது என்ற வாதம் வந்தது. வகுப்பில் அதிகம் பேசாத மாணவர் ஒருவர் எழுந்து, "சார், அது சென்ட்ரிங் மாதிரி. காஞ்ச பிறகுதான் பிரிக்கணும். ஒரே பக்கமா இழுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்" என்றார். அவருடைய தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். அடுத்த அரை மணி நேரம் அவர்தான் வகுப்பை நடத்தினார். முட்டுக்கழியை எப்படித் தளர்த்துவார்கள் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். கொத்தனார், வெல்டர், தச்சர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். பாடப்புத்தகம் கேட்காத அவர்களின் அறிவைப் பாலம் கேட்டு வாங்குகிறது. ஆயத்த மாதிரியைக் கடையில் வாங்கும்போது நாம் இழப்பது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

பாம்பன்: திறக்கும் பாலத்தின் பாடம்

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் நடுவே, ஷெர்சர் என்ற பொறியாளரின் பெயரால் அறியப்படும் தூக்குக் கண் இருந்தது. அதன் இரு இறக்கைகளும் உருண்டு மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பாலான கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குக் கண் தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. 2007இல் அது மீட்டர்பாதையிலிருந்து அகலப்பாதைக்கு மாறியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள கண் ஒன்று, மின்தூக்கியைப் போல 17 மீட்டர் செங்குத்தாக உயர்கிறது.

1 : 100 விகிதத்தில் இது 72.5 செ.மீ. நீளம், 17 செ.மீ. உயர்வு. இரு கோடிகளிலும் கோபுரம் நிறுத்தி, உச்சியில் கப்பி பொருத்தி, கண்ணின் இரு முனைகளிலும் நூல் கட்டுங்கள். நூலின் மறுமுனைகளில் மணல் நிரப்பிய சிறு புட்டிகள். இரு புட்டிகளின் எடையும் சேர்ந்து கண்ணின் எடைக்குச் சமமாகும்வரை மணலைக் கூட்டிக் குறையுங்கள். சமமானதும், அத்தனை நீளப் பாலமும் ஒரு விரலின் தொடுதலில் மேலே போகும். இவ்வளவு பெரிய எடையை இயந்திரம் எப்படித் தூக்குகிறது என்ற வியப்புக்கு விடை எதிர் எடையில் இருக்கிறது.

பாதுகாப்புக்கு ஒரு மின்சுற்றையும் சேர்க்கலாம். கண்ணின் அடியிலும் தூணின் மேலும் அலுமினியத் தாள் ஒட்டி, மின்கலத்தோடும் பச்சை விளக்கோடும் இணையுங்கள். பாலம் முழுமையாக இறங்கித் தாள்கள் தொட்டால்தான் பச்சை எரியும். பச்சை இல்லையென்றால் ரயில் இல்லை.

பாரச் சோதனை

பாலத்தைக் கண்காட்சிக்கு முன் சோதிக்காமல் விடக்கூடாது. என்ஜினையும் பெட்டிகளையும் எடை பாருங்கள். 400 கிராம் என்றால் பாலம் அதன் மூன்று மடங்கை, அதாவது 1200 கிராமைத் தாங்க வேண்டும் என்று வகுப்பிலேயே விதி வகுத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் நடுவே ஒரு காலிப் புட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, 100 மி.லி. நீர் ஊற்றும்போதெல்லாம் நடுப்பகுதி எத்தனை மி.மீ. இறங்கியது என்று குறியுங்கள். 100 மி.லி. நீர் என்பது 100 கிராம். பாரத்தையும் இறக்கத்தையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டால் முதலில் நேர்கோடு வரும். கோடு திடீரெனச் செங்குத்தாகத் திரும்பினால் ஓர் இணைப்பு விடுகிறது என்று பொருள், அங்கே நிறுத்துங்கள். புட்டியைத் தரைக்கு ஒரு சாண் மேலேயே தொங்கவிட்டு அடியில் மடித்த துணி வையுங்கள்; மாணவர்களின் கால்கள் விலகியே இருக்கட்டும்.

உடைந்த பாலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். எந்த இணைப்பு முதலில் விட்டது, ஏன் என்று எழுதி அதையும் காட்சிக்கு வையுங்கள். நல்ல பாலத்தைவிட அதன் அருகேதான் பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பார்கள்.

மதிப்பீடு எப்படி?

இச்செயல்பாட்டை வளரறி மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அழகுக்கு மதிப்பெண் இடுவதைவிட, ஒவ்வொரு மாணவரிடமும் நான்கு கேள்விகள் கேட்பது பயன் தரும்:

உங்கள் பாலம் எதைக் கடக்கிறது?
வேறு வகையை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?
எவ்வளவு தாங்கும், உங்களுக்கு எப்படித் தெரியும்?
மீண்டும் கட்டினால் எதை மாற்றுவீர்கள்?

இவற்றுக்குத் தம் சொந்தச் சொற்களில் விடை சொல்லும் மாணவருக்கு மனப்பாட வரிகள் தேவையில்லை. குழுவில் அளந்தவர், வெட்டியவர், கணக்கிட்டவர், குறிப்பெழுதியவர் என்று வேலைகளைச் சுழற்சியில் கொடுங்கள். வெட்டும் வேலை ஆண் பிள்ளைகளுக்கு, வண்ணம் தீட்டும் வேலை பெண் பிள்ளைகளுக்கு என்ற பழக்கம் வேண்டாம்.

கால அளவாக ஆறு பாடவேளைகள் போதும்: இடமும் வகையும் முடிவுசெய்ய ஒன்று, அளவும் வரைபடமும் ஒன்று, சிறு சோதனைகள் ஒன்று, கட்டுவதற்கு இரண்டு, பாரச் சோதனைக்கு ஒன்று. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் எவருடைய பாடவேளையும் வீணாகாது. முதல் பாடவேளைக்கு வேண்டியதெல்லாம் இடைவெளி விட்டுப் போட்ட இரண்டு மேசைகளும், நிரப்பப்படாத ஒரு வரி எழுதிய கரும்பலகையும்தான்.